சுண்டெலியில் வராத கொப்புளம்: பினாங்கு ஆய்வகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

பினாங்கில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் நடந்த முதுகலை ஆய்வு ஒன்றைப் பற்றிய பதிவு இது. தோலில் கொப்புளம் எழுப்பும் தன்னுடல் தாக்குநோய் ஒன்றைச் சுண்டெலியில் உண்டாக்கி, அதற்கு வல்லாரைச் சாறு பலன் தருகிறதா என்று பார்ப்பது திட்டம். கொப்புளம் வரவே இல்லை. ஏன் வரவில்லை, வராதது தெரிந்ததும் என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, கடைசியில் எங்கே போய் நின்றது என்பதை, அந்த நிறுவனத்தின் விலங்குக் கூடத்தைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர் என்ற இடத்திலிருந்து எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பலன் தராத விலங்குச் சோதனைகள் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. மாணவரின் நோட்டோடு பெட்டிக்குள் போய்விடும். அப்புறம் வேறொரு ஊரில் வேறொரு மாணவர் அதே வயதுக் குட்டிகளுக்கு அதே ஊசியைப் போட்டு, அதே வெறுமையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதை எழுத எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பின்னணி: ஒரே தலைப்பில் இரண்டு நோய்கள்

மேல்தோலின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பவற்றில் டெஸ்மோகிளீன் என்ற புரதங்கள் முக்கியமானவை. அந்த மேல்தோலை அடியில் உள்ள உள்தோலோடு சேர்த்துப் பிடிப்பவற்றில் ஒன்று பதினேழாம் வகைக் கொலாஜன். பிபி180 என்று சொல்வதும் இதைத்தான். உடல் தன் சொந்த டெஸ்மோகிளீனுக்கு எதிராக எதிர்ப்பொருள் (கிருமிகளை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் புரதம்) தயாரிக்க ஆரம்பித்தால் வருவது பெம்ஃபிகஸ். செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதால் கொப்புளம் மெல்லியதாக இருக்கும், தொட்டால் உடையும், பலருக்கு வாயிலும் புண் வரும். பிபி180க்கு எதிராகத் தயாரித்தால் வருவது புல்லஸ் பெம்ஃபிகாய்டு. இதில் மேல்தோல் முழுத் தகடாகக் கிளம்புவதால் கொப்புளம் தடித்து இறுகி நிற்கும். பெரும்பாலும் வயதானவர்களுக்கே, அதிலும் 70ஐத் தாண்டியவர்களுக்கே அதிகம் வருகிறது. கொப்புளத்துக்கு வெகு முன்பே அரிப்பு தொடங்கிவிடும். சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிப்டின் வகை மாத்திரைகளுக்கும் பெம்ஃபிகாய்டுக்கும் தொடர்பு உண்டு என்பது இப்போது தோல் மருத்துவர்கள் எல்லோரும் அறிந்தது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் மலேசியாவில் இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது.

நோயாளியின் ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதால் மட்டும் அதுதான் நோயை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. தோல் சிதைந்த பிறகு, அதன் விளைவாகவும் அது வந்திருக்கலாம். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் விலங்கு தேவைப்பட்டது. 1982இல் அன்ஹால்ட், டியாஸ் முதலானோர் பெம்ஃபிகஸ் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஐஜிஜி எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, பிறந்து சில மணி நேரமே ஆன சுண்டெலிக் குட்டிகளின் வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். குட்டிகளின் தோலில் கொப்புளம் வந்தது. நுண்ணோக்கியிலும் மனித பெம்ஃபிகஸ் போலவே தெரிந்தது. எதிர்ப்பொருள்தான் குற்றவாளி என்பது அத்தோடு உறுதியானது. தன்னுடல் தாக்குநோய்களில் இவ்வளவு நேரான சான்று கிடைத்தவை குறைவு. அதனால் இந்தச் சோதனை பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கிறது.

இந்த ஆய்வின் சிக்கலும் அதிலிருந்தே தொடங்கியது. பாடப்புத்தகங்கள் பெம்ஃபிகஸையும் பெம்ஃபிகாய்டையும் ஒரே அத்தியாயத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கின்றன.

திட்டம்

மாணவிக்கு மூலிகை ஆய்வில் ஆர்வம். வல்லாரை இங்கே சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமாக, அதாவது பச்சையாகச் சோற்றோடு, சாப்பிடுகிறார்கள், நம் வீடுகளில் துவையல் அரைக்கிறோம். புண் ஆற்றும் குணம் அதற்கு உண்டு என்ற நம்பிக்கை பழையது. அதன் சாறு கொப்புளத்தைக் குறைக்குமா என்பதுதான் கேள்வி. நோயாளிகளைப் பொறுத்தவரை, பக்கத்து அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் பெம்ஃபிகஸைவிடப் பெம்ஃபிகாய்டு நோயாளிகளே எளிதில் கிடைத்தார்கள். எனவே நோய் பெம்ஃபிகாய்டு, முறை 1982ஆம் ஆண்டு முறை என்று முடிவாயிற்று. நோயாளிகளிடமிருந்து ஐஜிஜி எடுப்பது, குட்டிகளுக்குச் செலுத்துவது, ஒரு பிரிவுக்குச் சாறு தருவது, 48 மணி நேரத்துக்குள் கொப்புளத்தை ஒப்பிடுவது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

மலேசியாவில் ஆராய்ச்சிக்கு விலங்குகளைப் பயன்படுத்துவது 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்துக்குள் வருகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு திட்டத்தையும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு பார்த்தாக வேண்டும். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் சொன்ன மூன்று கேள்விகள் விண்ணப்பப் படிவத்தில் இருக்கின்றன. விலங்குக்குப் பதில் வேறு வழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வலியைக் குறைக்க என்ன செய்வீர்கள். மாணவி மூன்றுக்கும் முறையாகவே பதில் எழுதியிருந்தார். முதலில் சிறிய முன்னோட்டம், அது பலித்தால் மட்டும் முழு ஆய்வு என்ற நிபந்தனையோடு குழு அனுமதி தந்தது. அந்த நிபந்தனை பிறகு பெரிய உதவியாக அமைந்தது.

படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றுதான். இந்த நோயாளியின் எதிர்ப்பொருள் இந்த விலங்கின் தோலைப் பற்றுமா?

ரத்தம் தந்தவர்

ஐஜிஜி தந்தவர்களில் ஒருவர் செபராங் பிறைப் பக்கம் வசிக்கும் மூதாட்டி, எழுபதுகளில் இருப்பவர். சர்க்கரை நோய்க்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுபவர். முதலில் காலிலும் தொடையிலும் அரிப்பு. பிறகு கொப்புளம் வந்ததும் வீட்டில் அம்மை என்று எடுத்துக்கொண்டார்கள். வாசலில் வேப்பிலை செருகி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, மருந்து எதுவும் கொடுக்காமல் தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திருந்தார்கள். அம்மைக் கொப்புளம் அந்த நேரத்துக்குள் வற்றியிருக்க வேண்டும். இது வற்றாமல் புதிது புதிதாக வந்ததும்தான் பேரன் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். தோல் துண்டை எடுத்து ஒளிர்வுச் சோதனை செய்ததில் மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் ஐஜிஜி கோடாகப் படிந்திருந்தது. நோய் உறுதியாயிற்று. கிளிப்டின் மாத்திரை மாற்றப்பட்டது, ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கியது.

ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே ஆய்வுக்கு ரத்தம் எடுக்க அனுமதி கேட்டார்கள். ஒப்புதல் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. மாணவியே பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு விளக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒன்றைக் கேட்டாராம்.

“ஏம்மா, என் ரத்தத்த எலிக்குட்டிக்குப் போட்டா அதுக்கும் இந்த அரிப்பு வந்துருமா?”

“கொப்புளம் வரும்னுதான் எதிர்பார்க்கிறோம் பாட்டி. ரொம்ப நேரம் விட்டு வைக்க மாட்டோம்.”

“அதுங்கள வதைக்காம செய்யுங்க. எனக்கு வந்தது போதும்.”

சுத்த சைவம் சாப்பிடுபவர். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். மாணவி இதை நோட்டில் எழுதி வைத்திருந்ததால்தான் எனக்கே தெரிய வந்தது. அவர் சொன்ன பதில் திட்டத்தில் எழுதியிருந்தபடி சரியான பதில்தான்.

ஊசி போட்ட பிறகு

பிறந்த சுண்டெலிக் குட்டியின் எடை ஒன்றரை கிராம் அளவில் இருக்கும். ரோமம் இல்லை, தோல் இளஞ்சிவப்பாக, உள்ளே இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லியது. தாயிடம் பால் குடித்திருந்தால் இடது பக்கம் விலாவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். வயிற்றில் இருக்கும் பால்தான் அது. காலையில் கூண்டைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த வெள்ளைப் பட்டையைத்தான். அது இருந்தால் குட்டி தேறும், தாயும் அதை ஒதுக்கவில்லை என்று அர்த்தம். கையுறையில் தாயின் படுக்கைத் தூளைத் தேய்த்துக்கொண்ட பிறகே குட்டியைத் தொட வேண்டும். அந்நிய வாடை வந்தால், புண்பட்டதாகத் தோன்றினால், தாய் குட்டியைத் தின்றுவிடுவதும் உண்டு. இந்த வெள்ளை பால்ப்-சி இனத் தாய்களை நம்பி அசட்டையாக இருக்க முடியாது.

ரோமம் முளைக்காத தோல், சிறிய உடல், குறைந்த எதிர்ப்பொருளே போதும் என்ற வசதி ஆகியவற்றுக்காகத்தான் பிறந்த குட்டிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வசதிக்கு விலையும் உண்டு. பிறந்த குட்டிகள் ஆக்சிஜன் குறைவைத் தாங்குபவை. வளர்ந்த சுண்டெலிகளுக்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு இவற்றுக்கு மெதுவாகவே வேலை செய்யும். ஆகவே முடிவில் வேறு முறை வேண்டும், அதற்குப் பழகிய கையும் வேண்டும். திட்டத்தின் இந்தப் பகுதியை மட்டும் நான் திரும்ப எழுதச் சொன்னேன்.

முன்னோட்டத்தில் ஒரு பிரிவுக்கு நோயாளிகளின் ஐஜிஜி, இன்னொரு பிரிவுக்கு நோயில்லாதவர்களின் ஐஜிஜி. 24 மணி நேரத்தில் மாணவி குட்டிகளின் முதுகுத் தோலை விரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தார். கொப்புள நோய் பிடித்திருந்தால் தோல் வழுக்கிச் சுருங்கும், உரியும். ஒன்றும் இல்லை. 48 மணி நேரத்திலும் இரண்டு பிரிவுக் குட்டிகளும் ஒரே மாதிரி, வயிற்றில் பால் பட்டையோடு, கொழுகொழுவென்று இருந்தன. ஒரு கால்நடை மருத்துவருக்கு இதைவிட நல்ல காட்சி இல்லை. ஆனால் ஆய்வு செய்பவருக்கு அது சோர்வு.

நோயாளி ஐஜிஜி பெற்ற பிரிவில் இரண்டாம் காலை ஒரு குட்டியைக் காணவில்லை. “நோயால் இறந்திருக்கலாம்” என்று நோட்டில் எழுதப்பட்டிருந்தது. உடலே இல்லாதபோது அப்படி எழுத முடியாது. தாய் தின்றிருக்க வாய்ப்பு அதிகம். “காணாமல் போனது, காரணம் தெரியாது” என்று திருத்தப்பட்டது. சின்ன விஷயம்தான். ஆனால் கொப்புளம் வர வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கும் ஒரு குழுவில், காணாமல் போன ஒரே குட்டி நல்ல செய்தியாக மாறுவதற்கு அதிக நேரம் ஆகாது.

அளவை இரட்டிப்பாக்கலாமா

அடுத்த கூட்டத்தில் மேற்பார்வையாளரின் முதல் யோசனை, ஐஜிஜி அளவைக் கூட்டுவது. நியாயமான யோசனைதான். அளவு போதாததால் பலன் வராமல் போவது எந்த ஆய்வகத்திலும் நடப்பது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மனித சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில், ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஐஜிஜி இருக்கும். ஒன்றரை கிராம் குட்டிக்கு, கிராமுக்கு 10 மில்லிகிராம் வீதம் கொடுக்க வேண்டுமானால் 15 மில்லிகிராம் தேவை. அதாவது, பிரித்தெடுப்பதில் துளிகூட வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு குட்டிக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை மில்லிலிட்டர் சீரம். ரத்தமாகக் கணக்கிட்டால் அதைப்போல் இரண்டு மடங்கு. அளவை இரட்டித்து, குட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், எழுபதைத் தாண்டிய, தோலெல்லாம் புண்ணான மனிதர்களிடம் மறுபடியும் போய் ஊசியைக் காட்ட வேண்டியிருக்கும். அவர்களுக்கு இந்த நேரம் ஸ்டீராய்டும் ஆரம்பித்தாயிற்று.

நான் அதற்கு உடன்படவில்லை. கொடுத்த ஐஜிஜி எங்கே போனது என்று தெரியாமல் இன்னும் கொடுப்பதில் அர்த்தமில்லை என்பது என் வாதம். மேற்பார்வையாளர் முதலில் கொஞ்சம் சலித்துக்கொண்டார். மாணவிக்குக் கல்விக்காலம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் கவலை அது. கடைசியில் ஒரு சமரசம். புதிய குட்டி எதுவும் பிறக்கும் முன், ஏற்கெனவே கையில் உள்ள திசுக்களை வைத்து மட்டும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுவது. ஐஜிஜி குட்டியின் ரத்தத்தில் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால், தோலில் போய்ப் படிந்ததா?

இருட்டறையில் கண்ணாடித் தகடுகள்

முதல் கேள்விக்கு, எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் எலைசா சோதனை பதில் தந்தது. குட்டிகளின் ரத்தத்தில் மனித ஐஜிஜி தாராளமாக இருந்தது. ஊசி சரியாகவே போயிருந்தது, ஐஜிஜி வெளியே கசியவில்லை.

இரண்டாம் கேள்விக்கு உறைய வைத்த தோல் துண்டுகளை மெல்லிசாகச் சீவி, மனித ஐஜிஜியில் மட்டும் ஒட்டும் பச்சை ஒளிர்ச் சாயம் இட்டு, இருட்டறையில் ஒளிர்வு நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார்கள். ஊசி போட்ட குட்டிகளின் தோலில் எதுவும் இல்லை, கன்னங்கரேல். பிறகு அதே நோயாளிகளின் சீரத்தை நேராகவே இரண்டு தகடுகளில் விட்டார்கள். ஒன்றில் மனிதத் தோல், மற்றதில் சுண்டெலித் தோல். மனிதத் தோலில் மேல்தோலுக்கு அடியில் பச்சைக் கோடு பளிச்சென்று ஓடியது. சுண்டெலித் தோல் மறுபடியும் கறுப்பு.

தகட்டில்தான் கோளாறோ என்ற சந்தேகத்தைப் போக்க மாணவி இன்னொன்றும் செய்தார். இந்த ஆய்விலேயே எனக்கு மிகவும் பிடித்த படி இது. பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையின்போது ஒரு பெம்ஃபிகஸ் நோயாளியிடமிருந்து அகற்றப்பட்ட பிளாஸ்மா, ஆய்வுக்கான சம்மதத்தோடு மருத்துவமனையின் உறைபெட்டியில் இருந்தது. அதில் சில துளிகளை வாங்கிவந்து சுண்டெலித் தோலில் விட்டார். மேல்தோல் முழுக்க, செல்லுக்குச் செல் சுற்றிலும், மீன்வலை விரித்தாற்போல் பச்சை ஒளிர்ந்தது. தகடு நன்றாகவே இருந்தது. பெம்ஃபிகஸ் எதிர்ப்பொருள் சுண்டெலியின் டெஸ்மோகிளீனைப் பற்றுகிறது. பெம்ஃபிகாய்டு எதிர்ப்பொருள் சுண்டெலியின் பிபி180ஐப் பற்றவில்லை.

ஒரு வார வேலை. ஒரு குட்டிகூடப் புதிதாகத் தேவைப்படவில்லை.

இதற்கான விளக்கம் பழைய இதழ்களில் தெளிவாகவே இருந்தது. பெம்ஃபிகாய்டு நோயாளிகளின் எதிர்ப்பொருள் பிபி180இன் என்சி16ஏ என்ற பகுதியைத்தான் முக்கியமாகக் குறிவைக்கிறது. அந்தப் பகுதியின் அமினோ அமில வரிசை மனிதருக்கும் சுண்டெலிக்கும் ஒத்துப்போவதில்லை. மனித எதிர்ப்பொருளைக் குட்டிகளுக்குச் செலுத்தி நோயை உண்டாக்க முயன்றவர்கள் முன்பே தோற்றிருக்கிறார்கள். 1993இல் லியு, டியாஸ் குழுவினர் வேறு பாதையில் போனார்கள். சுண்டெலியின் சொந்த பிபி180 துண்டை முயலுக்குச் செலுத்தி, முயல் தயாரித்த எதிர்ப்பொருளைச் சுண்டெலிக் குட்டிக்குக் கொடுத்தார்கள். அப்போது மேல்தோல் கிளம்பியது. காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்கள், அழற்சியைத் தூண்டும் மாஸ்ட் செல்கள், நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் ஆகிய மூன்றும் இல்லாமல் அந்தக் கொப்புளம் வராது என்பதை அடுத்த ஆண்டுகளில் அதே நோய் மாதிரியை வைத்து நிறுவினார்கள். பெம்ஃபிகஸுக்கு இந்தப் பரிவாரம் எதுவும் தேவையில்லை. எதிர்ப்பொருள் மட்டுமே செல்களைப் பிரித்துவிடும். அதாவது பெயர் நெருக்கமாக ஒலித்தாலும் இரண்டு நோய்களின் இயக்கமே வேறு.

இவ்வளவு தெளிவாக அச்சில் இருந்தது எப்படிக் கண்ணில் படாமல் போனது? இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. செய்முறைப் பகுதியை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து, நோயின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும் பழக்கம் ஒன்று. மற்றது, மருத்துவமனை அறிக்கையில் இருந்த ‘பாசிட்டிவ்’ என்ற சொல். சீரத்தை மருத்துவமனை ஆய்வகம் சோதிப்பது மனிதத் தோலிலோ குரங்கின் உணவுக்குழாயிலோதான். அங்கே பாசிட்டிவ் என்றால் சுண்டெலியிலும் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை; எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

எடுத்த முடிவும் விட்ட வழிகளும்

முன்னால் நான்கு வழிகள் இருந்தன. நோயையே பெம்ஃபிகஸாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெம்ஃபிகஸில் அழற்சிச் செல்களுக்குப் பெரிய பங்கு இல்லை. வல்லாரை அழற்சியைத் தணிக்கும் என்பதுதான் ஆய்வின் ஊகமே. கேள்வியின் உயிரே போய்விடும் என்பதால் அது உடனே கைவிடப்பட்டது.

மனிதமயமாக்கிய சுண்டெலியை வரவழைக்கலாம். 2007இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குழு, சுண்டெலியின் பதினேழாம் வகைக் கொலாஜனை நீக்கிவிட்டு மனிதருடையதை அதன் இடத்தில் வைத்த சுண்டெலிகளை உருவாக்கியது. அவற்றில் நோயாளியின் எதிர்ப்பொருளே நேராகக் கொப்புளம் எழுப்புகிறது. அறிவியலாகப் பார்த்தால் இதுதான் சரியான விடை. ஒரு முதுகலை மாணவிக்கு, இறக்குமதி அனுமதியும் இனப்பெருக்கக் கூண்டுகளும் பணமும் சேர்த்துப் பார்த்தால், எட்டாத விடை.

மூன்றாவது, 1993ஆம் ஆண்டின் முயல் வழி. இதில் எனக்குத் தயக்கம் இருந்தது. சுண்டெலியைக் காப்பாற்ற முயலைக் கொண்டுவருவதைக் குறைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே புதிதாக முயல்களுக்கு ஊசி போடுவதில்லை, வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருளில் கொஞ்சம் கேட்டுப் பெறுவது என்று தீர்மானித்தோம். அது வந்து சேர மாதங்கள் ஆகும்.

நான்காவது வழியில் விலங்கே இல்லை. மனிதத் தோலை உறைய வைத்துச் சீவி, அதில் நோயாளியின் ஐஜிஜியை விட்டு, நோயில்லாத ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்களைச் சேர்ப்பது. நியூட்ரோபில்கள் எதிர்ப்பொருள் படிந்த இடத்தில் கூடி, மேல்தோலை உள்தோலிலிருந்து பிரித்துவிடும். பெம்ஃபிகாய்டு எதிர்ப்பொருளுக்கு இந்த ஆற்றல் உண்டு என்பதை ஸிட்டாருவும் உடன் உழைத்தவர்களும் 2002இல் காட்டியிருந்தார்கள். அறுவை சிகிச்சையில் மீதமாகும் தோல் மருத்துவமனையிலிருந்து சம்மதத்தோடு கிடைக்கும். கையிருப்பில் இருந்த நோயாளி ஐஜிஜியும் வீணாகாது; சில துளிகளே போதும்.

சாற்றை முதலில் இந்தத் தகட்டுச் சோதனையில் பார்ப்பது, அங்கே பலன் தெரிந்தால் மட்டும் முயல் எதிர்ப்பொருளோடு குட்டிகளிடம் போவது என்று முடிவாயிற்று. ஆய்வின் தலைப்பிலிருந்து சுண்டெலி நீங்கியது. மாணவி இதைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் ஏற்றார். விலங்குச் சோதனை இல்லாத மருந்தியல் ஆய்வைத் தேர்வாளர்கள் எடை குறைவாகப் பார்ப்பார்களோ என்ற பயம் இங்கே பல மாணவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை.

அதன் பிறகு

தகட்டுச் சோதனை பழக மாணவிக்கு நேரம் பிடித்தது. வெள்ளணுக்கள் புதிதாக இருக்க வேண்டும், ரத்தம் எடுத்த அன்றே வேலை முடிய வேண்டும். பிடி கிடைத்ததும் பிளவு தெளிவாக வந்தது: நோயாளி ஐஜிஜி விட்ட துண்டுகளில் மேல்தோல் நீளவாக்கில் கிளம்பி நிற்க, நோயில்லாதவர் ஐஜிஜி விட்டவற்றில் ஒட்டியே இருந்தது.

அடுத்தது சாறு. குறைந்த அடர்த்தியில் வித்தியாசம் எதுவும் இல்லை. அடர்த்தியைக் கூட்டியபோது பிளவு குறைந்தது. ஆய்வகத்தில் அன்று ஒரே மகிழ்ச்சி. மாணவி அன்றைக்கே வெள்ளணுக்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்றும் எண்ணிப் பார்த்தார். பிளவு குறைந்த அடர்த்தியில் பெரும்பாலானவை செத்திருந்தன. சாறு நோயைத் தடுக்கவில்லை. பிளவு உண்டாக்க வேண்டிய செல்களைக் கொன்றிருந்தது. இதே சாற்றை நேராகக் குட்டிகளுக்குக் கொடுத்து, கொப்புளம் குறைந்ததாக எழுதியிருந்தால் அந்தக் கட்டுரை எங்காவது வெளிவந்தும் இருக்கும்.

முயல் எதிர்ப்பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது. அதைச் சில குட்டிகளில் சோதித்தபோது கொப்புளம் வந்தது. தோல் தகட்டில் கோடும் தெரிந்தது. மாதிரி வேலை செய்கிறது என்பது உறுதியானவுடன், சாற்றையும் ஒருமுறை அதில் பார்த்துவிடலாமே என்று மேற்பார்வையாளர் கேட்டார். நெறிமுறைக் குழுவில் இதற்கு இரண்டு கருத்து இருந்தது. உயிருள்ள உடலில் சாறு வேறு விதமாக வேலை செய்யலாம் என்பது அவர் பக்கத்து வாதம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் செல்களைக் கொல்லும் அடர்த்தியில் மட்டும் பலன் காட்டும் ஒன்றைப் பிறந்த குட்டிகளுக்குக் கொடுக்கப் போதிய காரணம் இல்லை என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. முழு ஆய்வுக்கென்று அனுமதித்திருந்த சுண்டெலிகள் பயன்படுத்தப்படவில்லை.

மாணவி பட்டம் பெற்றார். ஆய்வேட்டில் முன்னோட்டத் தோல்வி ஒரு தனி அத்தியாயமாக இருக்கிறது. தேர்வாளர் அதிகம் கேள்வி கேட்டது அந்த அத்தியாயத்தில்தான் என்றார். செபராங் பிறைப் பாட்டிக்குக் கொப்புளங்கள் அடங்கிவிட்டன, குறைந்த அளவு மருந்து தொடர்கிறது. மறுபரிசோதனைக்கு வந்த அன்று மாணவி அவரைச் சந்தித்து, அவருடைய ரத்தத்தால் எந்தக் குட்டிக்கும் கொப்புளம் வரவில்லை, ரத்தம் வேறு சோதனைக்குப் பயன்பட்டது என்று சொன்னார். “அப்படியா, நல்லதாப் போச்சு” என்றாராம். அவருக்கு அது தோல்வியாகவே தோன்றவில்லை.

இனி மாறுபவை

எதிர்ப்பொருளைச் செலுத்தி நோயை உண்டாக்கும் திட்டம் எதுவானாலும், அந்த எதிர்ப்பொருள் அந்த விலங்கின் தோலில் படிவதைக் காட்டும் தகட்டுப் படத்தை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும் என்று குழு விதி வைத்திருக்கிறது. இதற்குத் தேவைப்படும் தோல், வேறு ஆய்வுகளில் மீதமானது. என் உறைபெட்டியில் இப்போது அதற்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. காணாமல் போகும் குட்டிகளுக்குப் பதிவேட்டில் தனி நிரல் போட்டாயிற்று. ஒப்புதல் படிவத்துக்குத் தமிழிலும் சீனத்திலும் வடிவம் தயாராகிறது. தமிழ் வடிவத்தில் “உங்கள் ரத்தம் விலங்குக்குச் செலுத்தப்படலாம்; விலங்குக்கு என்ன ஆகும் என்பது இப்போது உறுதியாகத் தெரியாது” என்று நேராகவே எழுதியிருக்கிறோம்.

இன்னொன்றை விதியாக்க முடியவில்லை, ஆனால் கூட்டங்களில் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். விலங்கில் வந்த கொப்புளம் நோயின் எந்தப் பாதிக்குப் பதில் சொல்கிறது? முயல் எதிர்ப்பொருள் மாதிரியில் முன்னால் நிற்பவை நியூட்ரோபில்கள். பெம்ஃபிகாய்டு நோயாளியின் தோலில் இயோசினோபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் கூட்டமாக இருக்கும், உயிரை வாங்கும் அரிப்பு இருக்கும், நோயாளி முதியவர். பிறந்து இரண்டு நாளான குட்டியில் இவை எதையும் எதிர்பார்க்க முடியாது. உடல் தன்னைத் தாக்க ஏன் தொடங்கியது என்ற கேள்விக்கும் வெளியிலிருந்து கொடுத்த எதிர்ப்பொருள் பதில் சொல்லாது. அதற்கு 2000இல் அமகாய் குழு பெம்ஃபிகஸில் செய்ததுபோல, விலங்கே தன் எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் மாதிரி வேண்டும். டெஸ்மோகிளீன் 3 இல்லாத சுண்டெலிக்கு அந்தப் புரதத்தைச் செலுத்தி, அதன் மண்ணீரல் செல்களை, எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல்கள் இல்லாத வேறொரு சுண்டெலிக்கு மாற்றினார்கள். மாற்றிய சுண்டெலி தானே எதிர்ப்பொருள் தயாரித்து நோயுற்றது. அப்படிப்பட்ட மாதிரிகளில் நோய் வாரக்கணக்கில் நீடிக்கும். நோய்க்கு எவ்வளவு நெருக்கமோ, விலங்குக்கு அவ்வளவு நீண்ட துன்பம்.

ஏழாம் வகைக் கொலாஜன் துண்டை வளர்ந்த சுண்டெலிகளுக்குச் செலுத்தி, இன்னொரு கொப்புள நோயை நீண்ட காலத்துக்கு உண்டாக்கும் திட்டம் ஒன்று இப்போது குழுவின் முன் இருக்கிறது. தகட்டுப் படம் இணைத்திருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. வலி மருந்து அழற்சியைப் பாதிக்குமே, அதை எப்படிச் சமாளிப்பார்கள் என்பதற்கும், தோலில் எவ்வளவு பரப்பு புண்ணானால் சோதனையை நிறுத்துவார்கள் என்பதற்கும் பதில் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.